எட்டும் ஐந்தும் பதின்மூன்று

சோமனூர்,
18.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கதிர் எழுதிக்கொள்வது. அங்கன்வாடி முகவரிக்குக் கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. உன் போனில் என் நம்பரை மச்சான் பிளாக் செய்துவிட்டார். வீட்டுக்கு எழுதினால் உன் மாமியார்தான் முதலில் பிரிப்பார். நீ வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பினால் ராசாத்தாள் டீச்சர் யாரிடமும் சொல்லாமல் உன் கையில் கொடுப்பார் என்று ஒரு நம்பிக்கை.

அக்ஷயாவுக்கு எப்படி இருக்கிறது? ஏழாவது பிறந்த நாளுக்கு நான் செய்து கொடுத்த பெட்டியை அவள் திறந்து இன்றோடு இருபத்து நான்கு நாள். இரண்டாவது ஆபரேஷனும் முடிந்துவிட்டது என்று சித்தி வீட்டில் சொன்னார்கள். பார்வை வருமா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என்னை அறைந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இன்னும் இரண்டு போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாயே, அதுதான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் எப்படி வேலை செய்வேன் என்று உனக்குத் தெரியும். தறி ஓடாமல் போனபின் இந்த ஆறு வருஷமாக வாழ்த்து அட்டையும் பலகாரப் பெட்டியும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. திறந்தால் எழுந்து நிற்கிற அட்டை, மூடியை எடுத்தால் நாலு பக்கமும் விரிந்து விழுகிற பெட்டி. எல்லாம் குழந்தைகள் கைக்குப் போவது. கட்டர் மழுங்கினால் பிளேடின் நுனியை ஒடிக்க வேண்டும். ஒரு பிளேடில் பதின்மூன்று துண்டு. ஒடித்த துண்டு அந்த நிமிஷமே மேஜைமேல் இருக்கும் விபூதி டப்பாவுக்குள் போய்விடும். வேலை முடிந்ததும் டப்பாவில் உள்ளதையும் கட்டரில் மிச்சம் உள்ளதையும் எண்ணுவேன். பதின்மூன்று வந்தால்தான் பெட்டிக்கு மூடி போடுவேன். வராவிட்டால் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

அக்ஷயாவின் பெட்டிக்கும் எண்ணினேன். டப்பாவில் எட்டு, கட்டரில் ஐந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி எண்ணினேன். எட்டும் ஐந்தும் பதின்மூன்றுதான். ரப்பர் பேண்டு வைத்துக் குதிக்கவிட்ட பட்டாம்பூச்சி அந்த பிளேடு துண்டை அவள் கண்ணில் தூக்கி எறிந்திருக்கிறது, அது புரிகிறது. எறிவதற்கு அது அங்கே எப்படி வந்தது என்பதுதான் புரியவில்லை.

தப்பித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. பெட்டி என்னுடையது, பழியும் என்னுடையதுதான். தை மாதம் காது குத்தும்போது அவளை யார் மடியில் உட்கார வைப்பீர்கள் என்றும் நான் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை பிள்ளையைப் பார்க்க விட்டால் போதும்.

உன் தம்பி,
கதிர்

*

தொண்டாமுத்தூர்,
27.9.2024

கதிருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைக்குக் கண் போய்விட்டது, நீ எட்டும் ஐந்தும் பதின்மூன்று என்று எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிறாய்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வலது கண்ணில் பார்வை வராது. இன்னும் ஐந்தாறு வருஷம் கழித்து, பார்ப்பதற்கு ஒன்றுபோலத் தெரிய வேண்டுமானால் செயற்கைக் கண் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லும்போது அக்ஷயா என் மடியில் உட்கார்ந்து அவர் மேஜையிலிருந்த காலண்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளையும் இரண்டு மூன்று தடவை காற்றில் பிடித்துவிட்டுத்தான் பிடித்தாள்.

வீட்டில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகிறது. படி இறங்கும்போது காலால் தேடுகிறாள். வலது பக்கம் யாராவது வந்து நின்றால் தூக்கிப்போடுகிறது அவளுக்கு. இதையெல்லாம் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கண்ணிலிருந்து எடுத்த துண்டை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அரிசி அளவுதான் இருக்கும். பளபளவென்று வெள்ளியாக மின்னுகிறது. அவர் அதைச் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி, "பாருங்க, இதுதான் மாமன் செஞ்ச சீரு" என்று சொல்கிறார். அத்தை தன் பங்குக்கு, "காயிதம் வெட்டறவன நம்பிப் பிள்ளையக் குடுத்தா இப்பிடித்தான் ஆகும்" என்கிறார். நான் என்ன சொல்லட்டும்? நீயே சொல்.

காதுகுத்து தை கடைசியில். சித்தப்பா மகன் கிருபாசங்கர் மடியில் உட்கார வைப்பது என்று முடிவாகிவிட்டது. அவனும் தாய்மாமன் முறைதானே. அவன் சீர் கொண்டுவருகிறேன் என்று ஒத்துக்கொண்டான்.

அக்ஷயா உன்னைப் பற்றிக் கேட்பதே இல்லை. நீயும் இனி எழுத வேண்டாம்.

சண்முகப்பிரியா

*

சோமனூர்,
5.10.2024

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தில் அந்தத் துண்டு வெள்ளியாக மின்னுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என்னிடம் இருப்பதெல்லாம் கறுப்பு பிளேடு அக்கா. கனமான அட்டைக்கு வெள்ளி பிளேடு தாங்காது என்று இந்த வேலைக்கு வந்த புதிதிலேயே விட்டுவிட்டேன். கறுப்பு பிளேடு கூர் ஓரத்தில் மட்டும்தான் மின்னும், மற்ற இடமெல்லாம் கரி மாதிரி இருக்கும். என் மேஜையில் ஒரு வெள்ளித் துண்டுகூடக் கிடையாது.

போன தீபாவளிக்கு, கொரியரில் வரும் பார்சல்களைப் பல்லால் கடித்துப் பிரிக்காதே என்று சொல்லி உனக்கு ஒரு மஞ்சள் கட்டர் கொடுத்தேன். அதில் இருப்பது வெள்ளி பிளேடு.

இன்னொன்று. பெட்டியின் நடுக் கோபுரத்தில் போட்டோ ஒட்ட ஓர் இடத்தைக் காலியாக விட்டு, பசை நாடாவின்மேல் இருந்த தாளை மட்டும் உரிக்காமல் கொடுத்திருந்தேன். பிள்ளை அலறி, எல்லாரும் ஓடி, பெட்டி தரையில் கவிழ்ந்து கிடந்தபோது அந்த இடத்தில் நீங்கள் மூன்று பேரும் இருக்கிற போட்டோ இருந்தது. ஓரமெல்லாம் நேராக வெட்டி அழகாகத்தான் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தேன், ஆனால் யோசிக்கத் தோன்றவில்லை.

இவ்வளவுதான். இதைப் பற்றி நீ எனக்கு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உனக்கு இது தெரிந்திருக்காது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

யார் கேட்டாலும் நான்தான் என்று சொல். மச்சானுக்கும் உன் மாமியாருக்கும் தெரிந்தால் உன்னை அந்த வீட்டில் வைக்கமாட்டார்கள், பிள்ளையையும் உன்னோடு அனுப்பமாட்டார்கள். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. நீ பத்தாவதை விட்டுவிட்டு எனக்குச் சோறு ஆக்கினாய். மாமன் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்ந்துவிடும். அம்மா இல்லாமல் வளர்வது எப்படி இருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. மச்சான் வாட்ஸ்அப்பில் போட்டது எல்லா இடத்துக்கும் போய்விட்டது, ஆர்டர் எதுவும் வருவதில்லை. சூலூரில் பேசி வைத்திருந்த பெண் வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். யாகூப் பாய் தறிக்கு வரச் சொன்னார், போகிறேன். கட்டரைக் கையில் எடுக்கவும் இப்போது முடியவில்லை. தறிச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது, அது நல்லதாகத்தான் இருக்கிறது.

கதிர்

*

தொண்டாமுத்தூர்,
24.10.2024

கதிரு, என் சாமி,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. பதினைந்து நாளாகப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று யானை வந்து தோப்பு வேலியைச் சாய்த்துப்போட்டது. அவரும் அத்தையும் அங்கே இருக்கிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுத முடிகிறது.

எனக்குத் தெரிந்திருக்காது என்று எழுதியிருக்கிறாய். தெரியும் தம்பி. அந்த நிமிஷத்திலிருந்தே தெரியும்.

அன்றைக்குக் காலையில் நாற்பது பேருக்குச் சமையல். நீ பந்தலில் பலூன் கட்டிக்கொண்டிருந்தாய். பெட்டிக்குள் போட்டோ வைத்தால் அவள் சந்தோஷப்படுவாளே என்று ஆசைப்பட்டேன். உனக்கும் சொல்லாமல் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். சமையல்கட்டு மேடையில் வைத்து வெட்டினேன். பிளேடு இழுத்தது, போட்டோ ஓரம் கிழியப் பார்த்தது. நீ செய்வதைப் பார்த்த பழக்கத்தில் மேடை விளிம்பில் வைத்து நுனியை ஒடித்தேன். டிக்கென்று சத்தம் கேட்டது, துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. குனிந்து தேடினேன், மாவுச் சட்டிக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். அதற்குள் அத்தை, "அம்மணி, சாம்பாரு அடிப்பிடிக்குது பாரு" என்று சத்தம் போட்டார். பெட்டி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அதற்குள் போயிருக்குமோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியது கதிரு, பொய் சொல்லமாட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டாம்பூச்சிகளை மடக்கி அமுக்கி மூடியைப் போட்டுவிட்டேன். ஏதோ ஒரு பட்டாம்பூச்சியின் பசையில் போய் ஒட்டியிருக்கிறது.

நீ எண்ணி முடித்துத்தான் மூடுவாய். எனக்கு எண்ணுவதற்கு இருந்தது ஒரே துண்டு.

வராந்தாவில் அவர் உன்னை அறைந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன், உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் சுவரைப் பார்த்து நின்றேன். பிறகு உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். எவ்வளவு கடுமையாக எழுதுகிறேனோ அவ்வளவுக்கு அது உன் தவறாகவே ஆகிவிடும் என்று நினைத்தேன் போல.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இத்தனை பக்கம் சுற்றிவிட்டேன்.

நான் போட்டோ ஒட்டும்போது அக்ஷயா சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலை பின்னிவிடச் சொல்லி வந்தவள். நான் தேடியதையும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வெளியே கொண்டுவந்தபோது, "அம்மா, காலைல நீங்க தேடுனீங்களே, அதுங்களா?" என்று கேட்டாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். "அப்பாகிட்டச் சொல்லீராத கண்ணு. சொன்னா அம்மாவ ஊட்ட உட்டுத் தொரத்திப்போடுவாங்க" என்றேன். ஒரு கண்ணில் கட்டோடு அவள் தலையை ஆட்டினாள்.

அதிலிருந்து நடந்ததைப் பற்றி அவள் வாயே திறப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மா வந்து, "ஆருங் கண்ணு இப்பிடிப் பண்ணுனது?" என்று கேட்டார். பிள்ளை முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "மாமாங்க" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். கேட்டவர் பாசத்தில் தடவுகிறேன் என்று நினைத்திருப்பார்.

நீ அவளுக்குக் கொடுத்த பழைய அட்டை, பலா மரத்தடியில் யானை எழுந்து நிற்குமே, அதை எடுத்து வைத்துக்கொண்டு திறக்கிறாள், மூடுகிறாள். நேற்று என்னிடம் கொண்டுவந்து, "அம்மா, இது நிக்குதுங்களா, படுத்திருக்குதுங்களா?" என்று கேட்டாள். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நிக்குது" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

என்ன செய்யட்டும் என்று நீயே சொல்.

அக்கா

*

சோமனூர்,
8.11.2024

அக்கா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது கோபத்தினால்தான். உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

பிளேடு ஒடிந்ததற்காக அல்ல. அது யாருக்கும் நடக்கும். நான் கொடுத்த கட்டர், என்னைப் பார்த்துப் பழகிய வேலை. ஒடிக்கத் தெரிந்துகொண்டாய், டப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்லவே இல்லை. அந்தக் கட்டரைக் கொடுத்தபோது கூடவே ஒரு டப்பாவையும் கொடுத்திருக்க வேண்டும். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

என்னை அடிக்க விட்டதற்காகவும் அல்ல. அதை நானே சுமந்துகொள்கிறேன் என்று எழுதினேன், மனதார எழுதினேன். பெரிய ஆள் நான், எனக்கு முதுகு இருக்கிறது.

அவளுக்கு ஏழு வயது அக்கா. கண் போன அன்றைக்கே அவள் தலையில் இதையும் தூக்கி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் அவள் உன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்ல வேண்டும். வயசுக்கு வரும்போது, கல்யாணம் ஆகும்போது, நீயும் நானும் செத்த பிறகும் அவள் இதை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். அம்மா வீட்டைவிட்டுப் போய்விடாமல் இருப்பது தன் வாயில்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தால் அது தூங்குமா? நீ கேட்டுப் பார்த்தாயா, தூங்குகிறாளா என்று?

முன் கடிதத்தில் நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மச்சானிடம் சொல்லிவிடு. காதுகுத்துக்கு முன்னால் சொல். எனக்கு மடி வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, கிருபாசங்கரே உட்காரட்டும். அவள் முன்னால் வைத்துச் சொல். இனி நீ பொய் சொல்ல வேண்டியதில்லை கண்ணு என்று அவள் காதால் கேட்க வேண்டும்.

என்ன நடந்தாலும் இங்கே உனக்கு ஒரு வீடு இருக்கிறது. மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டேன், கட்டில் போட இடம் வந்துவிட்டது.

கதிர்

*

தொண்டாமுத்தூர்,
4.12.2024

கதிரு,

சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு. கிருபாசங்கரும் சித்தியும் சீர் பற்றிப் பேச வந்திருந்தார்கள். என்ன தட்டு, எத்தனை தட்டு என்று அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாமி அலமாரியிலிருந்து அந்தக் குப்பியையும், சமையல்கட்டிலிருந்து மஞ்சள் கட்டரையும் கொண்டுவந்து காப்பித் தம்ளர்களுக்கு நடுவில் வைத்தேன். கட்டரைத் தள்ளி பிளேடை வெளியே காட்டினேன். இரண்டும் ஒரே வெள்ளி. அதைக் காட்டிய பிறகு எனக்குப் பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை.

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அக்ஷயாவைக் கூப்பிட்டு, "அம்மா சொல்றது நெசமா கண்ணு?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லு சாமி என்றேன். "ஆமாங்கப்பா" என்றாள். அப்புறம் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் தேடியது, மாவுச் சட்டியில் கைவிட்டது, வாயைப் பொத்தியது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வாயைப் பொத்தியதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. அதுவரைக்கும் என்னை மன்னித்திருப்பாரோ என்னவோ.

"உன் தம்பியக் கை நீட்டி அடிச்சேன். ஊருக்கெல்லாம் அவனப் பத்திச் சொன்னேன். நீ பாத்துட்டு இருந்த" என்றார். "புள்ள இங்க இருக்கட்டும். நீ கெளம்பு" என்றார். என் துணிமணியை மடித்து அத்தையே பையில் வைத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ராசாத்தாள் டீச்சர் வீட்டில் இருக்கிறேன். அங்கன்வாடிக்குப் போகிறேன், வருகிறேன். நீ கூப்பிட்டாய், ஆனால் சோமனூர் வந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளைத் தூரத்திலிருந்து பார்ப்பதும் போய்விடும். நேற்று மதியம் அவர் அங்கன்வாடி வாசலுக்கு வந்தார். பைக்கைவிட்டு இறங்கவில்லை. "தை இருவத்தெட்டுக்குக் காதுகுத்து. மாமன் மடி மாமனுக்குத்தான். கதிர நானே போய்க் கூப்புடறேன். நீ அன்னிக்குக் கோயிலுக்கு வராத" என்றார். பிள்ளை தூங்குகிறாளா என்று கேட்டேன். தூங்குகிறாள் என்றார். இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம்.

உன் வீட்டு வாசலில் அவர் வந்து நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அக்கா இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன் என்றும் சொல்லிவிடாதே. நீ அப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அவருக்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

அவளை மடியில் வைக்கும்போது உன் வலது கையால் அவளுடைய வலது தோளைப் பிடித்துக்கொள். அந்தப் பக்கம் ஆள் இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும். ஆசாரியை முதலில் இடது காதில் குத்தச் சொல். வலது பக்கம் வருவதற்கு முன்னால், இப்போது இந்தக் காது கண்ணு என்று அவளிடம் சொல்லிவிட்டு, விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் ஊசியைக் கொண்டுவர வேண்டும். சொல்லாமல் வந்தால் திடுக்கென்று திரும்பிவிடுவாள். அங்கே வருகிறவர்களில் வேறு யாருக்கும் இது தெரியாது.

அக்கா